பழைய பெயர், புதிய பெட்டி: பொறுப்பு யாருடையது?

உயர்ரக கிராபிக்ஸ் கார்டு ஒன்றின் விலை, நல்ல மோட்டார் சைக்கிளின் விலையை எட்டிவிட்டது. மோட்டார் சைக்கிள் வாங்குகிறவர் சர்வீஸ் சென்டர் எங்கே, உதிரிபாகம் கிடைக்குமா, கம்பெனி நிலைக்குமா என்று நாலு பேரிடம் விசாரிக்கிறார். கிராபிக்ஸ் கார்டு வாங்குகிறவர் பெட்டியின் மேலுள்ள பெயரையும் இணையத்தில் பார்த்த சில எண்களையும் நம்பிப் பணத்தைக் கட்டிவிடுகிறார். அந்தப் பெயர் ஒருமுறை மூடப்பட்டு வேறொருவர் கையில் மீண்டும் திறக்கப்பட்டதாக இருந்தால், விசாரணை இன்னும் கறாராக இருக்க வேண்டும்.

இதை இப்போது பேசக் காரணம் உண்டு. வட அமெரிக்காவில் என்விடியா கார்டுகளுக்குப் பெயர்பெற்ற ஈவிஜிஏ, 2022 செப்டம்பரில் அந்தத் தொழிலையே விட்டு விலகியது. மெமரி, எஸ்எஸ்டி வாங்குவோருக்கு நன்கு பழக்கமான குரூஷியல் என்ற பெயரை நுகர்வோர் சந்தையிலிருந்து விலக்கிக்கொள்வதாக 2025 டிசம்பரில் மைக்ரான் அறிவித்தது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போகின்றன. வீட்டுக் கணினி வாங்குகிறவருக்கு விலையும் ஏறுகிறது, தெரிந்த பெயர்களும் குறைகின்றன.

காலியான இடத்துக்கு யாராவது வருவார்கள். ஒரு புதுப் பெயரை மக்கள் மனதில் பதிய வைக்க ஆண்டுக்கணக்கில் செலவு செய்ய வேண்டும். மக்கள் ஏற்கெனவே நம்பிய ஒரு பழைய பெயரை விலைக்கு வாங்குவது அதைவிடச் சிக்கனம். நோக்கியா செல்போன் எச்எம்டி என்ற நிறுவனத்தின் வழியாகத் திரும்பி வந்ததையும், கோடாக், தாம்சன் பெயர்களில் உரிமம் பெற்ற ஓர் இந்திய நிறுவனம் தொலைக்காட்சிப் பெட்டி விற்பதையும் நாம் பார்த்துவிட்டோம். கணினி உதிரிபாகச் சந்தையில் இந்த வழக்கம் இன்னும் பழையது.

யார் கவலைப்பட வேண்டும்?

இது விளையாட்டுப் பிள்ளைகளின் விவகாரம் என்று ஒதுக்குவதற்கில்லை. கல்யாண வீடியோ எடிட் செய்யும் சிறு ஸ்டுடியோ, அனிமேஷன் கற்கும் மாணவர், கட்டட வரைபடத்தை முப்பரிமாணத்தில் காட்டும் பொறியாளர், செயற்கை நுண்ணறிவு மாதிரிகளை வீட்டிலேயே ஓட்டிப் பார்க்கும் இளைஞர் என எல்லோருக்கும் இன்று கிராபிக்ஸ் கார்டு தொழிற்கருவி. பலர் மாதத் தவணையில்தான் வாங்குகிறார்கள்.

என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டு 2022 அக்டோபரில் 1,599 டாலருக்கு வந்தது. அதன் அடுத்த தலைமுறையான ஆர்டிஎக்ஸ் 5090, 2025 ஜனவரி இறுதியில் 1,999 டாலருக்கு வந்தது. இந்தியாவில் அதற்கு அறிவிக்கப்பட்ட தொடக்க விலை 2,14,000 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டியைப் பிரித்துப் பார்த்தால், அதில் 32 ஆயிரம் ரூபாய்க்கு மேல் வரியாகவே போகிறது. இவ்வளவு பணம் போட்ட பொருள் பத்தாவது மாதத்தில் நின்றுபோனால், ஒரு சிறு ஸ்டுடியோவின் கல்யாண சீசனே அதோடு போய்விடும்.

ஆகவே, 'இந்தக் கார்டு எவ்வளவு வேகம்?' என்பது முதல் கேள்விதான். 'பழுதானால் யார் பொறுப்பு?' என்பதே பணத்தைக் காப்பாற்றும் கேள்வி.

பெட்டிக்குள் யாருடைய பங்கு என்ன?

கிராபிக்ஸ் கார்டின் மூளையான சிப்பை வடிவமைப்பவை என்விடியா, ஏஎம்டி, இன்டெல் ஆகிய மூன்றே நிறுவனங்கள் என்று சொல்லிவிடலாம். உயர்ரகச் சிப்புகளைத் தயாரித்துக் கொடுப்பது பெரும்பாலும் தைவானின் டிஎஸ்எம்சி. மெமரி சிப் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகியவற்றில் ஒன்றிடமிருந்து வருகிறது.

அப்படியானால் பெட்டியின் மேல் பெயர் போட்டிருக்கும் நிறுவனத்தின் வேலை என்ன? சிப்பைப் பொருத்தும் பலகை, மின்சாரத்தைச் சீராக்கிக் கொடுக்கும் சுற்று, வெப்பத்தை வெளியேற்றும் ஹீட்சிங்க், விசிறி, கார்டை இயக்கும் பயாஸ், எல்லாவற்றுக்கும் மேலாக வாரன்டி. இவ்வளவுதான். ஒரே சிப் கொண்ட இரண்டு நிறுவனங்களின் கார்டுகளுக்கு இடையே வேக வித்தியாசம் பொதுவாகச் சில சதவீதத்தைத் தாண்டுவதில்லை. சத்தம், சூடு, ஆயுள், பழுதுபார்ப்பு ஆகியவற்றில்தான் வித்தியாசம் தெரியும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வேறு வேறு பெயர்களில் விற்கப்படுபவை பல நேரங்களில் ஒரே குழுமத்துக்குச் சொந்தம். சோடாக், இன்னோ3டி ஆகிய இரண்டும் பிசி பார்ட்னர் குழுமத்தின் பெயர்கள். கெயின்வேர்டு, பாலிட் குழுமத்தைச் சேர்ந்தது. எனவே, ஒரு பழைய பெயர் திரும்பி வந்திருக்கிறது என்றால் அதன் பின்னால் சொந்தத் தொழிற்சாலை இருக்கலாம். வேறொருவர் தொழிற்சாலையில் செய்து பெயரை மட்டும் ஒட்டியிருக்கலாம். இரண்டாவது வகை மோசம் என்று முடிவு கட்டிவிட முடியாது. எந்த வகை என்று வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவே.

டைமண்ட் கதை

கலிபோர்னியாவின் டைமண்ட் மல்டிமீடியா 1990களில் கணினிப் பிரியர்களிடையே பெரிய பெயர். ஸ்டெல்த், வைப்பர், மான்ஸ்டர் 3டி என்று அதன் கார்டுகளின் பெயரைச் சொன்னால், அந்தக் காலத்தில் கணினி வாங்கியவர்களுக்கு இன்றும் நினைவுக்கு வரும். 1998இல் அது விற்ற ரியோ என்ற சிறு எம்பி3 கருவியை எதிர்த்து அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம் வழக்குப் போட்டது. வழக்கில் ஜெயித்தது டைமண்ட்.

அந்தப் புகழோடு நிறுவனம் 1999இல் எஸ்3 என்ற சிப் நிறுவனத்தின் கைக்குப் போனது. எஸ்3 தன் பெயரை சோனிக்புளூ என்று மாற்றிக்கொண்டு, கிராபிக்ஸ் தொழிலிலிருந்து விலகி, 2003இல் திவாலானது. பெஸ்ட் டேட்டா என்ற மோடம் நிறுவனம் டைமண்ட் பெயரை வாங்கி, பின்னாளில் ஏஎம்டியின் கைக்குப் போன ஏடிஐ நிறுவனத்தின் சிப் கொண்ட கார்டுகளை அந்தப் பெயரில் விற்கத் தொடங்கியது. பெயர் பழையது, நிறுவனம் வேறு.

2007 மே மாதம் ஏஎம்டி, ரேடியான் எச்டி 2900 எக்ஸ்டி என்ற உயர்ரகக் கார்டை 399 டாலருக்குக் கொண்டுவந்தது. டைமண்ட் பெயரிலும் அது வந்தது, பழைய வைப்பர் பட்டத்தோடு. 512 பிட் மெமரிப் பாதை, 320 கணக்கிடும் அலகுகள், 70 கோடி டிரான்சிஸ்டர்கள் என்று காகிதத்தில் பிரமாதம். கையில் வாங்கிப் பார்த்தால் மின்சாரம் அதிகம், சூடு அதிகம், விசிறிச் சத்தம் அதிகம். படத்தின் விளிம்புகளை மென்மையாக்கும் அமைப்பைப் போட்டால் வேகம் சரிந்தது. என்விடியாவின் உயர்ரகக் கார்டான 8800 ஜிடிஎக்ஸுக்கு ஈடுகொடுக்க முடியாமல், அதற்கு அடுத்த படியிலிருந்த 8800 ஜிடிஎஸ்ஸுடன்தான் அது போட்டி போட்டது.

இதில் டைமண்டின் குற்றம் என்ன? ஏறக்குறைய எதுவும் இல்லை. அறிமுகச் சமயத்தில் எல்லாப் பெயர்களிலும் வந்தவை பெரும்பாலும் ஏடிஐயின் மூல வடிவமைப்பிலான ஒரே கார்டுதான். வேறுபட்டது ஸ்டிக்கர், பெட்டி, உடன் வரும் சாமான், வாரன்டி. அப்போது அந்தக் கார்டை மதிப்பிட்டவர்கள் சிப்பின் குறையைச் சரியாகச் சொன்னார்கள். பெயரின் மதிப்பைப் பற்றிப் பேச அவர்களிடம் வாரன்டித் தாளைத் தவிர வேறு விஷயமே இல்லை.

ஆறு மாதம் கழித்து, 2007 நவம்பரில், அதே 320 அலகுகள் கொண்ட எச்டி 3870 கார்டு 219 டாலருக்கு வந்தது. வேகம் ஏறக்குறைய அதே. மின்சாரச் செலவோ பாதி அளவு. மே மாதம் 399 டாலர் கொடுத்தவருக்குப் பழைய பெயரின் பெருமையால் ஒரு பைசாவும் திரும்பவில்லை.

ஹெர்குலிஸ் காட்டிய இன்னொரு வழி

பெயரை வாங்கியவர்கள் எல்லோரும் ஸ்டிக்கர் ஒட்டியதோடு நின்றுவிடவில்லை. ஹெர்குலிஸ் அதற்கு உதாரணம். தாய்லாந்தைச் சேர்ந்த வான் சுவன்னுகுல், தன் ஆய்வேட்டைக் கணினியில் தாய் எழுத்தில் எழுத வழியில்லாமல், தேவையான கார்டைத் தானே வடிவமைத்தார். 1982இல் அதிலிருந்து பிறந்தது ஹெர்குலிஸ் கிராபிக்ஸ் கார்டு. நம்மைப் போலவே சொந்த எழுத்துக்காகக் கணினியோடு மல்லுக்கட்டிய ஒருவர் தொடங்கிய நிறுவனம் அது.

1990களின் இறுதியில் ஹெர்குலிஸ் நொடித்துப்போக, 1999இல் பிரான்ஸின் கியுமோ நிறுவனம் அதன் பெயரை வாங்கியது. 3டி பிராஃபெட் என்ற வரிசையில் வந்த கார்டுகள் நல்ல பெயர் எடுத்தன. ஆனாலும் 2004இல் கியுமோ கிராபிக்ஸ் கார்டு தொழிலை விட்டது. இந்தத் தொழிலில் லாபம் மெலிது. சிப்பின் விலையைச் சிப் நிறுவனம் நிர்ணயிக்கிறது, விற்பனை விலையைப் போட்டி நிர்ணயிக்கிறது. இரண்டுக்கும் நடுவில் மிஞ்சுவதுதான் பெயர் போட்டவருக்கு. நல்ல பொருள் செய்தாலே நிலைத்துவிடலாம் என்று சொல்ல முடியாது.

வாரன்டி எத்தனை ஆண்டு, கம்பெனி எத்தனை ஆண்டு?

2002இல் அமெரிக்காவில் தொடங்கிய பிஎஃப்ஜி டெக்னாலஜீஸ், என்விடியா கார்டுகளுக்கு ஆயுட்கால வாரன்டி தந்து சந்தையைப் பிடித்தது. அதற்காகவே கூடுதல் விலை கொடுத்தவர்கள் உண்டு. 2010 மே மாதம் கிராபிக்ஸ் கார்டு விற்பனையை நிறுத்துவதாக அது அறிவித்தது. அந்த ஆண்டின் ஆகஸ்டுக்குள் கம்பெனியே கலைப்புக்குப் போனது. பழுதுக்கு அனுப்பிய கார்டுகள் சரிசெய்யப்படாமலே, 'இனி மாற்றித்தர இயலாது' என்ற கடிதத்தோடு வாடிக்கையாளர்களிடம் திரும்பி வந்தன.

ஈவிஜிஏ விலகியபோது வேறு மாதிரி நடந்தது. புதிய கார்டுகள் வராது, விற்ற கார்டுகளின் வாரன்டி தொடரும் என்று அது சொன்னது. அதற்காக இருப்பை ஒதுக்கியும் வைத்தது. 2021இல் நியூ வேர்ல்டு என்ற விளையாட்டின் சோதனைப் பதிப்பை ஓட்டியபோது அதன் ஆர்டிஎக்ஸ் 3090 கார்டுகள் சில செத்துப்போயின. காரணம் பற்றவைப்பில் இருந்த குறை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு கார்டுகளை மாற்றிக் கொடுத்ததும் அதே நிறுவனம்தான்.

இரண்டு நிறுவனங்களும் தொழிலை விட்டவைதான். ஒன்று வாடிக்கையாளரை நடுத்தெருவில் நிறுத்தியது, மற்றொன்று கொடுத்த வாக்கைக் காப்பாற்றியது. திரும்பி வந்த பெயர் ஒன்று ஐந்தாண்டு வாரன்டி தருகிறதென்றால், அந்த நிறுவனத்துக்கே ஐந்து வயது ஆகியிருக்கிறதா என்பதையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.

எண்களை எப்படிப் படிப்பது?

விளம்பரத்தில் வரும் வேக எண்ணுக்கு எப்போதும் ஒரு நிபந்தனை உண்டு. 2025 ஜனவரியில் என்விடியாவின் தலைவர் ஜென்சன் ஹுவாங், 549 டாலர் ஆர்டிஎக்ஸ் 5070 கார்டு, 1,599 டாலருக்கு விற்ற 4090 கார்டின் வேகத்தைத் தரும் என்றார். கார்டு உண்மையில் வரைந்த ஒவ்வொரு பிரேமுக்கும் இடையில் மூன்று பிரேம்கள் வரை செயற்கை நுண்ணறிவால் ஊகித்துச் செருகும் வசதியையும் சேர்த்துச் சொன்ன கணக்கு அது. திரையில் ஓட்டம் வழவழப்பாகத் தெரியும். வீடியோ ரெண்டர் செய்கிறவருக்கோ பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் வேலை பார்க்கிறவருக்கோ அந்த வசதியால் ஒரு நிமிடமும் மிச்சமாகாது.

மதிப்பீட்டாளர் கைக்கு வரும் கார்டும் கடையில் கிடைக்கும் கார்டும் அச்சாக ஒன்றாக இருக்கும் என்று நம்பவும் முடியாது. 2016இல் எம்எஸ்ஐ, ஆசஸ் ஆகிய பெரிய நிறுவனங்களே, மதிப்பீட்டாளர்களுக்கு அனுப்பிய கார்டுகளில் சற்றுக் கூடுதல் வேக அமைப்பை முன்கூட்டியே இயக்கி வைத்திருந்தது வெளிச்சத்துக்கு வந்தது. பெரியவர்களே அப்படியென்றால், மறுபடியும் பெயர் வாங்கத் துடிக்கும் நிறுவனம் அனுப்பும் முதல் கார்டு எவ்வளவு கவனமாகப் பொறுக்கி எடுக்கப்பட்டதாக இருக்கும்!

தொழிற்சாலைக் குறையும் உண்டு. 2025 பிப்ரவரியில் சில ஆர்டிஎக்ஸ் 5090 கார்டுகளில், படத்தைத் திரைக்குத் தயார்செய்யும் 176 அலகுகளில் எட்டு இல்லாமலிருந்தது தெரியவந்தது. பாதிப்பு அரை சதவீதக் கார்டுகளுக்கு, வேக இழப்பு சராசரியாக 4 சதவீதம் என்று என்விடியா ஒப்புக்கொண்டு, மாற்றித் தரச் சொன்னது. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் அந்த எண்ணை ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். பார்க்காமல் விட்டவர்களுக்கு இன்றுவரை தெரிந்திருக்காது.

நல்ல மதிப்பீடு மூன்று விஷயங்களைக் காட்ட வேண்டும். ஒன்று, சராசரி வேகத்தோடு, ஓட்டம் திணறும் தருணங்களில் கிடைத்த மிகக் குறைந்த வேகமும். இரண்டு, அதே சிப்போடு வரும் மிக மலிவான கார்டுடன் நேரடி ஒப்பீடு. கூடுதல் விலைக்கு என்ன கிடைக்கிறது என்பது அங்கேதான் தெரியும். மூன்று, ஐந்து நிமிடச் சோதனையாக இல்லாமல், மணிக்கணக்கில் முழுச் சுமையில் ஓட்டியபோது இருந்த வெப்பமும் சத்தமும். இந்த மூன்றும் இல்லாத மதிப்பீடு விளம்பரத்துக்குப் பக்கத்தில் வைக்க வேண்டியது.

சென்னை வெயிலும் மின்கட்டணமும்

வெளிநாட்டுச் சோதனைக்கூடங்கள் பெரும்பாலும் 20 முதல் 25 டிகிரி அறை வெப்பத்தில் கார்டுகளைச் சோதிக்கின்றன. நம்மூர் மாடி அறையில் மே மாத மதியம் 35 டிகிரி என்பது சாதாரணம். அறையில் 12 டிகிரி கூடினால் கார்டின் சூடும் ஏறக்குறைய அந்த அளவு கூடும், அல்லது விசிறி அலறும். குளிரூட்டி வடிவமைப்பில் கஞ்சத்தனம் செய்த கார்டு முதலில் மாட்டிக்கொள்வது நம் ஊரில்தான். தூசியும் கடலோர ஈரப்பதமும் அதோடு சேர்கின்றன.

மின்சாரத்தைப் பாருங்கள். ஆர்டிஎக்ஸ் 5090 முழுச் சுமையில் 575 வாட் இழுக்கும். நாளுக்கு ஆறு மணி நேரம் அப்படி ஓடினால் கார்டு மட்டுமே மாதம் 100 யூனிட்டைத் தாண்டும். இரண்டு மாதக் கணக்கில் 200 யூனிட். தமிழ்நாட்டில் இருமாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் வீட்டுக்கான கட்டண விகிதமே மாறிவிடுகிறது. அறையைக் குளிர்விக்க ஓடும் ஏசியின் கணக்கு தனி. இந்தக் கார்டுக்கு என்விடியா பரிந்துரைக்கும் பவர் சப்ளை 1,000 வாட். பழைய பவர் சப்ளையோடு சமாளிக்கலாம் என்பது ஆபத்தான சிக்கனம்.

ஆபத்து என்று சொல்லக் காரணம் இருக்கிறது. 575 வாட் என்றால், 12 வோல்ட்டில் ஏறத்தாழ 48 ஆம்பியர். அது கட்டைவிரல் அளவுள்ள ஒரே இணைப்பானின் ஆறு ஊசிகள் வழியாகப் போகிறது. 4090 வந்த புதிதில் அந்த இணைப்பான் சிலருக்கு உருகியது. முழுதாக அழுத்திச் செருகாததே முக்கியக் காரணம் என்றது என்விடியா. 2025இல் டெர்பாவர் என்று அறியப்படும் ஜெர்மன் சோதனையாளர், 5090 கார்டில் மின்னோட்டம் ஆறு கம்பிகளுக்கும் சமமாகப் பிரியாமல், ஒரே கம்பியில் 20 ஆம்பியருக்கு மேல் பாய்ந்ததை அளந்து காட்டினார்.

பெயர் போட்ட நிறுவனம் தன் மதிப்பைக் காட்டக்கூடிய இடம் இதுதான். ஆசஸ் தன் ஆஸ்ட்ரல் 5090 கார்டில் ஒவ்வொரு ஊசியின் மின்னோட்டத்தையும் தனித்தனியாகக் கண்காணிக்கும் வசதியை வைத்தது. திரும்பி வரும் பிராண்ட் ஒன்று வண்ண விளக்குகளைக் காட்டினால் விட்டுவிடலாம். இப்படியொரு பாதுகாப்பைக் காட்டினால் நின்று கவனிக்கலாம்.

சட்டம் நம் பக்கம் எவ்வளவு?

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. குறையுள்ள பொருளால் விளையும் பாதிப்புக்குத் தயாரித்தவர், விற்றவர், சர்வீஸ் செய்தவர் ஆகியோரைப் பொறுப்பாக்க அது வழி செய்கிறது. வாங்கிய ஊருக்கு அலைய வேண்டியதில்லை. நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. கால அவகாசம் இரண்டு ஆண்டுகள். முதல் படியாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம்.

சிறு ஸ்டுடியோக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒரு பிரிவு உண்டு. வணிக நோக்கத்துக்கு வாங்கிய பொருளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. ஆனால், சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் தானே வாங்கிப் பயன்படுத்துகிறவரை அது நுகர்வோராகவே ஏற்கிறது. கல்யாண வீடியோ எடிட் செய்து பிழைக்கும் தனிமனிதர் தயங்காமல் புகார் கொடுக்கலாம்.

ஓட்டையும் இருக்கிறது. வெளிநாட்டில் கலைக்கப்பட்ட நிறுவனத்திடமிருந்து நம் மாவட்ட ஆணையம் எதையும் வசூலிக்க முடியாது. மிஞ்சுவது கடைக்காரரும் இறக்குமதியாளரும்தான். இறக்குமதியாளரின் பெயர், முகவரி, அதிகபட்ச விலை முதலியவை பெட்டியின் மேல் ஒட்டப்பட்டிருக்க வேண்டும் என்பது எடையளவுச் சட்ட விதி. அந்தச் சிறிய வெள்ளை ஸ்டிக்கர் இல்லாத பெட்டி, முறையான வழியில் வரவில்லை என்று பொருள். கொஞ்சம் விலை குறைவு என்பதற்காக அதை வாங்குகிறவர் வாரன்டியை அங்கேயே விட்டுவிட்டு வருகிறார்.

என்ன செய்யலாம்?

வாங்குகிறவர்களுக்கு:

முதலில் தேவையை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பயன்படுத்தும் மென்பொருள் எது, அதற்கு எத்தனை ஜிபி மெமரி வேண்டும், திரை எந்தத் தெளிவு என்று பாருங்கள். பலருக்கு உச்சக் கார்டு தேவையே இல்லை. இரண்டு படி கீழே உள்ள கார்டும் நல்ல பவர் சப்ளையும் போதும்.

திரும்பி வந்த பிராண்ட் என்றால் நான்கு கேள்விகள். பெயரின் இப்போதைய உரிமையாளர் யார்? கார்டைத் தயாரிப்பது யார்? இந்தியாவில் இறக்குமதி செய்வது யார்? பழுதானால் எந்த ஊரில் கொடுக்க வேண்டும்? சென்னை ரிச்சி தெரு கடைக்காரரானாலும் இணையக் கடையானாலும், நான்கில் ஒன்றுக்காவது பதில் இல்லையென்றால் நகர்ந்துவிடுங்கள்.

அறிமுக வாரத்தில் வாங்காதீர்கள். இரண்டு, மூன்று மாதம் பொறுத்தால் கடையில் வாங்கியவர்களின் அனுபவம் வெளியே வரும், குறைகள் தெரியும், பெரும்பாலும் விலையும் இறங்கும். மெமரித் தட்டுப்பாட்டால் விலை ஏறும் காலத்தில் காத்திருப்பது கடினம்தான். அப்போதும் நிலைபெற்ற சர்வீஸ் உள்ள பெயரைத் தேர்ந்தெடுப்பதே பாதுகாப்பு.

பில்லில் ஜிஎஸ்டி எண்ணோடு கார்டின் வரிசை எண்ணையும் எழுதி வாங்குங்கள். வாரன்டி பில் தேதியிலிருந்தா, தயாரிப்புத் தேதியிலிருந்தா என்று கேளுங்கள். பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள். பொருத்திய அன்றே ஜிபியு-இசட்டில் விவரங்களைச் சரிபாருங்கள். முதல் வாரத்திலேயே சில மணி நேரம் முழுச் சுமையில் ஓட்டிப் பாருங்கள். மாற்றித் தரும் கெடு முடிவதற்குள் குறை தெரிந்துவிடும். மின் இணைப்பானை இடைவெளி இல்லாமல் செருகி, அதை ஒட்டிய இடத்தில் கம்பியை வளைக்காமல் விடுங்கள்.

மதிப்பீடு செய்பவர்களுக்கு: கம்பெனி அனுப்பிய கார்டா, கடையில் வாங்கியதா என்று முதல் வரியிலேயே சொல்லுங்கள். அறை வெப்பத்தைக் குறிப்பிடுங்கள். இந்தியாவில் சர்வீஸ் எப்படி என்பதை விசாரித்து, அதற்கும் மதிப்பெண் போடுங்கள். தமிழில் இன்று நல்ல தொழில்நுட்ப ஒளியலைவரிசைகள் இருக்கின்றன. இந்த வேலையை அவர்கள் எடுத்துக்கொண்டால் பெரிய உதவி.

அரசுக்கு: உரிமம் பெற்ற பெயரில் விற்கப்படும் மின்னணுப் பொருளின் பெட்டியில், உண்மையான தயாரிப்பாளரும் வாரன்டிக்குப் பொறுப்பானவரும் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும் என்று விதியுங்கள். மூன்று ஆண்டுக்கு மேல் வாரன்டி விற்கிறவர், அதற்கு ஈடாகக் காப்பீடோ வைப்புத்தொகையோ காட்ட வேண்டும். 2022இல் தொடங்கிய பழுதுபார்க்கும் உரிமைத் திட்டம் வேளாண் கருவி, செல்போன், வீட்டு உபயோகப் பொருள், வாகனம் ஆகியவற்றை முன்னிறுத்தியது. கணினி உதிரிபாகங்களும் அதில் வெளிப்படையாக இடம்பெற வேண்டும்.

பழைய பெயரோடு திரும்பி வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மக்கள் நினைவில் இருக்கும் நல்லெண்ணத்தை நீங்கள் காசு கொடுத்து வாங்கியிருக்கிறீர்கள். அதைச் சம்பாதித்தவர்கள் வேறு ஆட்கள். முதல் கார்டை எவ்வளவு வேகமாக ஓட வைத்தீர்கள் என்பதைவிட, பழுதாகித் திரும்பி வரும் முதல் கார்டை எத்தனை நாளில் மாற்றிக் கொடுத்தீர்கள் என்பதை வைத்தே இந்தச் சந்தை உங்களை எடைபோடும்.

அந்த நாள் வரும்வரை வாங்குகிறவர்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: சிப்புக்கு உரிய விலையைக் கொடுங்கள், சர்வீஸுக்கு உரிய விலையைக் கொடுங்கள், பெயருக்கென்று தனியாக எதுவும் கொடுக்காதீர்கள்.